பென்குயின் படி ஏறாது

என் சினிமா வாழ்க்கையில் நான் வாங்கிய மிகப் பெரிய கைதட்டல் எந்தப் படத்துக்கும் கிடைத்ததல்ல. செங்கல்பட்டில் ஒரு தியேட்டர் வாசலில், கத்திரி வெயிலில், பென்குயினாக நின்றபோது கிடைத்தது. இதை எழுதிவைக்கச் சொல்லி என் மனைவி நெடுநாளாக நச்சரிக்கிறாள். மற்றவர்கள் கதையாகச் சொல்லும்போது அந்தப் பென்குயின் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போகிறதாம். நான் வளர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனாலும் நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும்.

அரசாங்கக் காகிதத்தில் நான் ‘உயரம் தடைபட்டவர்’. செய்யூர் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு, அவற்றை இங்கே எழுத வேண்டாம். சாப்பாட்டு மேஜை என் மார்புக்கு வரும். பேருந்தின் முதல் படி இடுப்புக்கு வரும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியே என்னை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து ஒரு செல்போன் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் மாமல்லபுரத்தில் ஷூட்டிங்குக்கு வந்த ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் சார்ஜர் வாங்க வந்தார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கியதும் சார்ஜரை மறந்துவிட்டார்.

முதல் படத்தில் நான் வில்லனின் சூட்கேஸில் இருந்தேன். ஹோட்டல் அறையில் சூட்கேஸ் திறக்கும், நான் துப்பாக்கியோடு குதிப்பேன், ஹீரோ ஒரே உதையில் என்னை நீச்சல் குளத்துக்கு அனுப்புவார். படம் வந்ததும் அம்மாவை அழைத்துப் போனேன். அந்தக் காட்சியில் தியேட்டரே சிரித்தது. அம்மா எழுந்து நின்று பக்கத்து சீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“எம்புள்ளய ஒதைக்கிறான், நீ இன்னாத்துக்குச் சிரிக்கிற?”

“யம்மா, அது சினிமாம்மா” என்றார் அவர்.

“சினிமான்னா வலிக்காதா? நீ எழுந்துரு, நான் ஒரு ஒத குடுக்கறேன், சினிமான்னு நெனச்சிக்கோ.”

அந்த மனிதரை நான்தான் காப்பாற்றினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு நானே சில சட்டங்கள் போட்டுக்கொண்டேன். உதை வாங்குகிற வேஷம் கிடையாது. என்னைத் தூக்கி எறிகிற வேஷம் கிடையாது. காட்சியிலோ வெளியிலோ, என்னைக் கேட்காமல் யாரும் என்னைத் தூக்கக் கூடாது. இதைச் சொல்ல ஆரம்பித்ததும் போன் அடிப்பது நின்றுபோனது. உதைக்கவும் கூடாது, எறியவும் கூடாது என்றால் குள்ளனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பல இயக்குநர்களுக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஒருவர் ரொம்ப அக்கறையாகவே கேட்டார்: “அப்ப நீங்க என்னதாங்க பண்ணுவீங்க?” “நடிப்பேன் சார்” என்றேன். அதை அவர் நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டார்.

அப்புறம் கிடைத்ததெல்லாம் முகம் தேவைப்படாத வேலைகள். கரடிக் குட்டியாக இருந்திருக்கிறேன். ரோபோவாக இருந்திருக்கிறேன். ஒரு பேய்ப் படத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பேய், அதில் கீழ்ப் பாதி நான். மேல் பாதிக்காரருக்கு விருது கிடைத்தது.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி கணக்கு டீச்சர். சராசரி உயரம்தான், ஆனால் என் பக்கத்தில் நிற்பதால் ஊருக்கு அவள் நெட்டை. சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவிட்சுகள் எல்லாம் எனக்கு எட்டும்படி இறக்கிப் போட்டிருக்கிறாள். விருந்தாளிகள் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

நான் எப்படி உரிமை, போராட்டம் என்று பேசுகிற ஆளானேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் ஒரு சினிமா பார்க்கப் போய் நடந்ததுதான். சூட்கேஸுக்கு அப்புறம் முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படத்தில், ஒரு டீக்கடைக்காரராக, எனக்கு வேஷம் கிடைத்திருந்தது. செங்கல்பட்டில் அந்தத் தியேட்டருக்குத் தனியாகப் போனேன். டிக்கெட் கவுண்டர் என் தலைக்கு மேலே. “ஒரு டிக்கெட்” என்றேன். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை என்று நினைத்து ஜன்னலை மூடிவிட்டார். எப்படியோ டிக்கெட் வாங்கி உள்ளே போனால், முன் சீட்டின் முதுகுதான் தெரிந்தது. சீட் மேல் ஏறி நின்றேன். பின்னாலிருந்து பாப்கார்ன் பறந்து வந்தது. என் வசனத்தை என் காதால் கேட்டேன், என்னை நான் பார்க்கவில்லை. இடைவேளையில் வெளியே வந்துவிட்டேன்.

பைக் ஸ்டாண்டில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பாப்கார்ன். அவருடைய தம்பி உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்குப் படிக்கட்டு ஏற வழியில்லை. சுவர் வழியாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“படம் எப்டி கீது?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியலக்கா. எனக்கும் சத்தம் மட்டுந்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பாப்கார்ன் பாதி கொட்டிப்போனது. எங்கள் சங்கம் அங்கேதான் பிறந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த அவர் தலைவி ஆனார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் செயலாளர் ஆனார். அவருக்குப் பார்வை கிடையாது, ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், எதையும் நேரில் உறுதிசெய்யாமல் நம்பாத மனிதர். நான் ஒருங்கிணைப்பாளர். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்ததும் செயலாளர்தான்.

சங்கத்தின் முதல் கோரிக்கை தியேட்டர். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை, தாழ்வாக ஒரு டிக்கெட் கவுண்டர், உயரம் குறைந்தவர்களுக்குச் சீட் மேல் போட்டுக்கொள்ள மெத்தை. தியேட்டர் முதலாளி கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் பக்கத்துக்கு இறங்கிவந்து, நாங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கடைசியில் என் தலையைத் தடவி, “பாக்கலாம் தம்பி” என்பார். எனக்கு அவரைவிட வயது கூட. இப்படியே மழைக்காலம் போய் வெயில் வந்து, மறுபடி மழைக்காலமும் போனது.

கடைசியாகத் தலைவி ஒரு நாள் முதலாளியைப் போனில் பிடித்து ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவருடைய அறையிலேயே சந்திக்க நேரம் வாங்கிவிட்டார். “அறை மேல கீது, நான் எப்டி வர்றது?” என்று கேட்டதற்கு, “வாங்க, பாக்கலாம்” என்று பதில் வந்ததாம்.

அதே வெள்ளிக்கிழமை எனக்கு விளம்பர ஷூட்டிங்கும் வந்து தொலைந்தது.

ஏர்கூலர் விளம்பரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய கடற்கரை. கதை இதுதான்: வெயிலில் வாடிப்போன ஒரு குடும்பம் கூலரைப் போடும், உடனே கடற்கரை முழுக்கப் பனி கொட்டும், பென்குயின் ஒன்று நடந்து வந்து குடும்பத்தோடு நாஸ்தா சாப்பிடும். விடியற்காலையில் ஆரம்பித்து ஒன்பது மணிக்கு என்னை விட்டுவிடுவதாக இயக்குநர் சத்தியம் செய்திருந்தார். சின்ன வயசுப் பையன், கோயம்புத்தூர் பக்கம், எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும்.

உடை மும்பையிலிருந்து வாடகைக்கு வந்திருந்தது. தலை, உடம்பு எல்லாம் ஒரே துண்டு. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகில் ஜிப். கைக்கு விரல் கிடையாது, இரண்டு பக்கமும் சட்டுவம் மாதிரி துடுப்புதான். கால் இரண்டும் மஞ்சள் நிற ஸ்பாஞ்சில் முறம் போல அகலம். அலகுக்குக் கீழே கறுப்பு வலை, அதன் வழியாகத்தான் உலகம். உள்ளே நுழைந்ததும், எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்தவருக்குப் பூண்டு பிடிக்கும் என்பது தெரிந்தது.

பனி என்பது தெர்மகோல் உருண்டைகள். பெரிய ஃபேன் போட்டுப் பறக்க விட்டார்கள். கடல் காற்று அதைத் திருப்பிப் பக்கத்துக் குப்பத்துக்குக் கொண்டுபோனது. மீன் காயவைத்திருந்த ஓர் அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

“எவன்டா அவன், நெத்திலி மேல அரிசிப் பொரிய கொட்டிகினு கீறவன்?”

இயக்குநர் கண்கலங்கினார். எல்லோரும் ஓடிப்போய்த் தெர்மகோலைப் பொறுக்கினோம். நானும் போனேன், துடுப்பில் ஒன்றும் நிற்கவில்லை. அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது இன்னா கோழி?”

“பென்குயின்மா” என்றேன் உள்ளேயிருந்து.

“வேகுமா?”

“வெந்துகினுதாம்மா கீறேன்.”

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு இளநீர் வாங்கிவந்து, வலை வழியாக ஸ்ட்ராவை நுழைத்துக் குடிக்க வைத்தார். அந்தக் காலையில் என்னை உயிரோடு வைத்தது அவர்தான்.

ஒருவழியாக ஷாட் முடிந்தது. உடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் போனார். ஜிப் வரவில்லை. மணல், உப்புக்காற்று, தெர்மகோல் எல்லாம் சேர்ந்து பற்களுக்குள் உட்கார்ந்துவிட்டன. தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். சோப்பு தேய்த்தார்கள். லைட்மேன் ஒருவர் குறடு கொண்டுவந்து இழுத்தார். ஜிப்பின் தலை கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

“கத்தரிக்கோல் எடுங்க” என்றேன்.

இயக்குநர் என் முன்னால் மணலில் முட்டி போட்டார். “அண்ணா, வெட்டினா மும்பைக்காரன் என்னை வெட்டிருவான். நாளைக்கு மறுபடியும் இந்த டிரெஸ் வேணும்ணா. வேற ஏதாவது வழி பண்ணலாம்ணா.”

அப்போதுதான் எனக்குத் தலைவியின் ஞாபகம் வந்தது. தையல்காரர். ஜிப்பின் ஓரத்துத் தையலை மட்டும் பிரித்து என்னை வெளியே எடுத்துவிட்டு, மறுபடி தைத்துவிடலாம். எப்படியும் பதினோரு மணிக்கு அவரைச் சந்திக்கத்தான் போக வேண்டும். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காரை எனக்குக் கொடுத்தார்.

என் துணி, செருப்பு எல்லாம் ஒரு பையில் பின் சீட்டில். நான் முன் சீட்டில். பின்னால் உட்கார்ந்தால் வால் இடித்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி ஓரிடத்தில் வாகனச் சோதனை. ஒரு போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மரியாதைக்கு ஒரு துடுப்பைத் தூக்கினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“சீட் பெல்ட்டு போடச் சொல்லுய்யா அதுக்கு” என்றார்.

பெல்ட் வயிற்றைச் சுற்றிவர மறுத்தது. டிரைவரும் அவரும் சேர்ந்து இழுத்துப் பிடித்து மாட்டினார்கள். “ஜாக்கிரதையா போங்க” என்று என் தோளில் தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

தியேட்டர் வாசலில் கோடை விடுமுறைக் கூட்டம். அன்றைக்குப் பார்த்து ஒரு கார்ட்டூன் டப்பிங் படம் வெளியாகியிருந்தது. பனிக்கரடிகளும் பென்குயின்களும் சேர்ந்து பாட்டுப் பாடுகிற படம். இரண்டும் பூமியின் வெவ்வேறு கோடிகளில் வாழ்பவை, சந்தித்துக்கொள்ளவே வாய்ப்பில்லை என்று பிற்பாடு என் மனைவி சொன்னாள். ஆனால் போஸ்டரில் தோள்மேல் கைபோட்டுக்கொண்டிருந்தன. நான் கூட்டத்தைக் கவனிக்காமல் ஜெனரேட்டர் பக்கமாகவே நடந்தேன். தலைவி நாற்காலியில் காத்திருந்தார், பக்கத்தில் செயலாளர்.

“அக்கா, நான்தான்” என்றேன்.

தலைவி வாயைத் திறந்தவர் மூடவில்லை.

“இன்னா ஆச்சு?” என்றார் செயலாளர்.

“நம்ம ஆளு பென்குயினா வந்துகீறான்” என்றார் தலைவி.

“கலாய்க்காதக்கா.” செயலாளர் கையை நீட்டினார். அலகு தட்டுப்பட்டது. தலையைத் தடவினார், வயிற்றை அழுத்தினார், குனிந்து காலைப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, “சரி, உண்மைதான்” என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். “சீக்கிரம் பிரிச்சிவுடுக்கா. கத்தரிக்கோல் கீதா?”

தலைவி கூட்டத்தைப் பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இல்லடா. கடைல வெச்சிட்டு வந்துட்டேன்” என்றார். “மீட்டிங்க முடிச்சிட்டுப் போயி பிரிச்சிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

அதற்குள் ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். “பென்குயின்!” என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசை மொத்தமும் உடைந்து எங்கள் பக்கம் ஓடிவந்தது. குழந்தைகள் என் துடுப்பைப் பிடித்துக் குலுக்கினார்கள், வாலைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவன் என் வயிற்றில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டே நின்றான். அப்பாக்கள் எல்லோரும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு முதலாளி படியிறங்கி வந்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“கம்பெனிலேர்ந்து அனுப்பிச்சாங்களா? ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே! வாங்க சார், வாங்க!”

சார். என் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அவருடைய வீட்டம்மாவைக் கூப்பிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டார். “உள்ள லாபிக்கு வரணும் சார். பசங்க எல்லாம் உள்ள வந்தாத்தான் பாப்கார்ன் வாங்குவாங்க” என்று காதில் சொன்னார். காது எங்கே என்று தெரியாமல் கண்ணில் சொன்னார்.

நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். தலைவி என் வாலைக் கிள்ளினார்.

படிக்கட்டு வரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். முதல் படியில் காலை வைத்தேன். ஸ்பாஞ்சுக் கால் மடங்கி, அப்படியே மல்லாந்தேன். பிள்ளைகள் விசில் அடித்தார்கள். இது நடிப்பு என்று நினைத்திருக்கிறார்கள். மறுபடி முயன்றேன், மறுபடி மல்லாந்தேன். “தூக்குங்கய்யா சார!” என்றார் முதலாளி. வாட்டசாட்டமான இரண்டு பேர் என் அக்குளில் கையைக் கொடுத்தார்கள்.

அந்தக் கை பட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில், பேருந்தில், ஷூட்டிங்கில், கல்யாண வீட்டில், கேட்காமல் வந்த எல்லாக் கைகளும் ஞாபகத்துக்கு வந்தன. “தூக்காதீங்க!” என்று கத்தினேன். வலைக்குள்ளிருந்து அது ஏதோ பறவை அலறியது போலத்தான் கேட்டிருக்கும். இருந்தாலும் அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

தலைவி நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

“யாரும் தொடக் கூடாது. நான்தான் இதோட மேனேஜரு.”

முதலாளி அவரை அடையாளம் கண்டுகொண்டு குழம்பினார். “நீயாம்மா? நீ ரேம்ப் கேக்க வர்ற அம்மாதானே?”

“அது வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு. மணி இன்னும் ஆவல. இப்போ நான் பென்குயின் மேனேஜரு. பென்குயின் படி ஏறாது சார்.”

“ஏன் ஏறாது?”

“அதோட ஊர்ல படி கிடையாது. பனி சரிவாத்தான் இருக்கும். சரிவா ஒரு பாதை போட்டா ஏறும். இல்லன்னா இப்டியே வூட்டுக்குப் பூடும்.”

செயலாளர் தொண்டையைச் செருமி, “ஆமா, புக்ல போட்டுகீது” என்று உறுதிப்படுத்தினார். எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போய்விடும் என்றதும் அந்தச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். ஒரு பிள்ளை அழுதால் போதாதா? முதலாளி தலையைச் சொறிந்தார். பின்பக்கம் ஓடினார்கள் ஆட்கள். பழைய கட்-அவுட் பலகைகளைத் தூக்கிவந்தார்கள். ஒரு பெரிய ஹீரோவின் முழு உருவம் அது. மரியாதைக்காகக் குப்புறப் போட்டார்கள்.

தலைவி பார்த்துவிட்டு, “செங்குத்தா கீது. பென்குயின் வழுக்கும். இன்னும் நீளம் வேணும்” என்றார். இன்னொரு ஹீரோ வந்தார். “பக்கவாட்டுல புடிச்சிக்க கம்பி வேணும்.” சவுக்குக் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். “நடுவுல ஆடுது பாரு, கீழ செங்கல் குடு.” செங்கல் வந்தது. எத்தனையோ மாதமாக நாங்கள் கேட்டது, பாப்கார்ன் பொரியும் நேரத்துக்குள் என் கண்ணெதிரே எழுந்து நின்றது. நான் வலைக்குள் வியர்வை சொட்டச் சொட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தேன். இடது, வலது, இடது, வலது என்று ஆடி ஆடி, இரண்டு நட்சத்திரங்களின் முதுகின் மேல் ஏறி மேலே போனேன். அந்தக் கைதட்டலைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். ரோடு வரைக்கும் கேட்டதாம். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் தலைவி கயிற்றைப் பிடித்து நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கோலைத் தட்டிக்கொண்டு செயலாளர். அவருக்குப் பின்னால் முட்டிவலிக்காரர்கள் ஒரு வரிசை, கைக்குழந்தைக்காரிகள் ஒரு வரிசை. பக்கத்திலேயே படிக்கட்டு காலியாகக் கிடந்தது.

லாபியில் தலைவி நாற்காலியை நிறுத்தி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே தொங்கிய விளக்கு, கண்ணாடிப் பெட்டியில் பாப்கார்ன், போஸ்டர்கள். “உள்ள இப்டித்தான் இருக்குமா?” என்றார் மெதுவாக. எனக்கு வலைக்குள் மூக்கைத் துடைக்கவும் வழியில்லை.

அதற்குள் முதலாளி பாட்டைப் போட்டுவிட்டார். ஆடினேன். ஆடித்தான் ஆக வேண்டும். மூன்றாவது பாட்டின் நடுவில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நேராக முதலாளியிடம் போய், “சார், ஏசி ரூமுக்குப் போலாமா? மணி பதினொண்ணு ஆயிடுச்சி. நான்தான் ஒருங்கிணைப்பாளரு” என்றேன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். “பேசுது!” என்றார் தன் வீட்டம்மாவிடம். பிறகு குனிந்து வலைக்குள் உற்றுப் பார்த்தார். “தம்பி... நீயா?”

“சார்னே சொல்லுங்க, நல்லாத்தான் இருந்துச்சி.”

லாபியை ஒட்டியே இருந்த அவருடைய அறைக்குப் போனோம். சோபாவில் நான், எதிரே முதலாளி, பக்கத்தில் தலைவியும் செயலாளரும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே குழந்தைகள் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் துடுப்பை ஆட்டிப் பேசப் பேச வெளியே ஆரவாரம். ஒரு கூட்டத்தில் என் வாதத்துக்கு இப்படி ஆதரவு கிடைத்தது அதுவே முதல் தடவை.

முதலாளிக்குக் கோபம் வந்திருந்தது, சிரிப்பும் வந்திருந்தது. இரண்டில் எதைக் காட்டுவதென்று தெரியவில்லை. “என்னை நல்லா ஏமாத்திட்டீங்க” என்றார்.

“இன்னா ஏமாத்துனோம்? நாங்க கம்பெனின்னு சொன்னமா? நீங்களா சொல்லிகினீங்க” என்றார் தலைவி. “சார், ஒரு கோழிக்குப் போட்டீங்க. மனுசனுக்குப் போட மாட்டீங்களா?”

முதலாளி கதவுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பலகைப் பாதையில் ஒரு வயதான மனிதர் கயிற்றைப் பிடித்து ஏறிவந்துகொண்டிருந்தார். “அவரு என் பெரியப்பா” என்றார். “முட்டி ஆபரேஷனுக்கு அப்பறம் தியேட்டருக்கே வர்றதில்ல. நான் கோவம்னு நெனச்சிகினு இருந்தேன்.”

போனை எடுத்து மேஸ்திரியைக் கூப்பிட்டார். தலைவி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் முதலாளி கேட்டது: பகல் காட்சி இடைவேளையிலும் நான் ஆட வேண்டும். செயலாளர் என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

எல்லாம் முடிந்து தையல் கடைக்குப் போனபோது நான் பாதி வெந்திருந்தேன். தலைவி தன் மடியில் இருந்த பையைத் திறந்தார், அதிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார், ஜிப்பின் ஓரத்துத் தையலை டக்டக்கென்று பிரித்தார். காற்று முதுகில் பட்டது. உயிர் வந்ததும்தான் எனக்கு உறைத்தது.

“அக்கா. கத்தரிக்கோல் பையிலதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“காலைலேர்ந்தா?”

“எப்பவும் பையிலதான்டா இருக்கும். தையக்காரிகிட்ட இல்லாம?”

“நான் உள்ள செத்துகினு இருந்தேன்க்கா!”

“நீ சட்ட பேண்ட்டு போட்டுகினு எத்தினி வாட்டி போன? இன்னா கெடச்சிது? தலயத் தடவிவுட்டான்.” நூலை ஊசியில் கோத்துக்கொண்டே சொன்னார். “இன்னிக்குக் கைய குலுக்கினான்.”

அதற்குமேல் அவரோடு சண்டை போட முடியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது மனசு கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். “நானா போனப்ப தம்பி, பென்குயினா போனா சார். அப்ப எனக்கு இன்னா மரியாதை?”

அவள் என் முதுகில் வேர்க்குரு பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். “அவருக்கு உங்களைத் தெரியாது, பென்குயினைத் தெரியும். இனிமே உங்களையும் தெரியும். திரும்புங்க, அந்தப் பக்கமும் போடணும்” என்றாள்.

மறுநாள் அதே உடையில் மிச்ச ஷூட்டிங்கை முடித்துக் கொடுத்தேன். ஜிப் இருந்த இடத்தில் தலைவி கொக்கி வைத்துத் தைத்திருந்தார், இயக்குநர் அதைப் பார்த்தும் அழுதார். விளம்பரம் வடக்கே மட்டும்தான் வந்ததாம், நான் பார்க்கவில்லை. ஆனால் செங்கல்பட்டில் அப்பாக்கள் எடுத்த வீடியோ எங்கெங்கோ போனது. அதைப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் நம்பர் வாங்கி, ஒரு துணை இயக்குநர் போன் செய்தார். உதை வாங்குகிற வேஷமா என்று முதலில் கேட்டேன். இல்லையாம், வக்கீல் வேஷமாம். “நீங்க அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள பென்குயினா கைய ஆட்டிப் பேசின மாதிரியே பேசினா போதும் சார்” என்றார். கறுப்புக் கோட்டு போட்டுப் பார்த்தேன். மனைவி வெகுநேரம் சிரித்தாள். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கையை ஆட்டிப் பேசுகிறேன். அவளைக் குறை சொல்ல முடியாது.

தியேட்டரில் இப்போது சிமெண்டில் நிஜமான சரிவுப் பாதை இருக்கிறது, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. டிக்கெட் கவுண்டரையும் இறக்கியிருக்கிறார்கள், எனக்குச் சீட் மேல் போட மெத்தையும் உண்டு. போன மாதம் தலைவி, செயலாளர், நான் மூவரும் படம் பார்க்கப் போனோம். பாதையின் நடுவில் நின்று, சரிவு சரியாக இருக்கிறதா, கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொல்லலாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு பெரியவர், பேரப்பிள்ளைகளோடு, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், வழில நின்னுகினு மீட்டிங் போட்டுகினு கீறீங்க? படம் போட்டுடப் போறான். நகருங்க.”

மூன்று பேரும் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழிவிட்டோம்.